ஊர் எல்லை தாண்டும்வரை

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுக்கு ஊசி போட வருகிறவரைக்கூட ‘டாக்டரு வந்தாக, பாத்தாக, போனாக’ என்றுதான் சொல்வார்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வரும் சின்னப் பையனுக்கும் அதே ‘வந்தாக’தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டத்து மோட்டார் அறையில் குடியிருக்கும் பெண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது ‘வந்துச்சு, போச்சு’ என்று ஆகிவிடும். நம் வீட்டுப் பெண்ணையும் ‘புள்ள வந்துச்சு’ என்று சொல்வது உண்டு, அதில் பாசம் இருக்கும். இதில் இருந்தது பாசம் இல்லை. அவுத்துவிட்ட ஆடு ஒன்று தெருவில் வந்ததைச் சொல்வதுபோல இருக்கும்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘இந்திக்காரி’. அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது யார் கைபேசிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று இப்போதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை.

அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் இங்கே அங்கன்வாடியில் டீச்சர். அந்தக் குடும்பம் ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்தது. கணவர் தோட்டத்தில் மருந்தடிப்பார், கவாத்து வெட்டுவார். மனைவி குலை பறித்துப் பெட்டியில் அடுக்குவார். வந்தபோது அவர்களுடைய மகள் இடுப்பில் இருந்தாள். அவளுக்குப் பேச்சு முளைத்ததே என் அங்கன்வாடியில்தான். இப்போது நான்கு வயது. ‘ஏலே, அங்கன போகாதலே, டீச்சரம்மா வைவாக’ என்று மற்ற பிள்ளைகளை அதட்டும் அளவுக்குத் தமிழ் பேசுவாள். அவளுடைய அம்மாவுக்கோ ‘தண்ணி’, ‘சரி’, ‘நாளைக்கு’ என்பதைத் தாண்டி வார்த்தை வராது. பொழுதெல்லாம் கொடிப்பந்தலுக்குக் கீழே நிற்கிறவரிடம் தமிழ் பேச யார் இருந்தார்கள்?

என் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. கம்பமெட்டு மலைப்பாதை வழியாக விடியுமுன்பே ஜீப் ஏறி, கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். ஒருநாள் சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி நேராக என் அடுப்படிக்கு வந்து, தூக்குவாளியை நங்கென்று வைத்தாள்.

“மதினி, அந்தத் தோட்டத்துக்காரி தமிழ்க்காரின்னு எளக்காரமா என்னையப் பாண்டிங்கிறா. ‘எடி பாண்டி, இவிட வா’ங்கிறா. இம்புட்டு நாளா அவ காட்டுல கிடந்து சாகுறேன், பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவ வாய் வெந்துருமா?”

அழுதாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு வெளியே அங்கன்வாடிப் பக்கம் எட்டிப் பார்த்தவள், “இந்திக்காரி இன்னும் புள்ளயக் கூட்ட வரலயா?” என்றாள்.

“அவுகளுக்கும் ஒரு பேரு இருக்குல்ல?” என்றேன்.

“போங்க மதினி. அது வேற, இது வேற” என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எப்படி வேறு என்று அவளும் சொல்லவில்லை, நானும் விடாப்பிடியாகக் கேட்கவில்லை.

இந்த வருடம் காற்றுக் காலம் கொஞ்சம் முந்தியே தொடங்கியது. மலை இடுக்கு வழியாக வந்து தகரத்தைப் பிய்க்கிற காற்று எங்களுக்குப் புதிதில்லை. அதோடு சேர்ந்து ஒரு குரலும் வந்தது. யாரோ ஓர் ஆண், மூச்சிரைக்கப் பேசிய வாட்ஸ்அப் பதிவு. வடக்கேயிருந்து ஒரு கூட்டம் இறங்கியிருக்கிறதாம், பிள்ளைகளைத் தூக்குகிறார்களாம், பொம்பளைகளும் இருக்கிறார்களாம், தயவுசெய்து எல்லாருக்கும் அனுப்புங்களாம். எந்த ஊரில் எந்தப் பிள்ளை என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. என் கைபேசிக்கே ஐந்தாறு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் படித்த மனிதர், பேங்கில் வேலை.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. ஒன்றொன்றாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பலசரக்குக் கடையில் அவர் போனால் பேச்சு நின்றது. அங்கன்வாடி வாசலில் அவர் காத்து நிற்கும் இடத்தைச் சுற்றி ஆள் இல்லாமல் ஆனது. ஒரு தாய் வந்து தன் மகனைத் தள்ளி உட்காரவைக்கச் சொன்னாள். “சும்மாதான் டீச்சர், ஒரு சாக்கிரதைக்கு” என்றாள்.

அவருக்குப் பாஷைதான் தெரியாது, நடப்பு தெரியாமல் இல்லை. ஒருநாள் பிள்ளையைக் கூட்ட வந்தவர் போகாமல் நின்றார். மகளைத் தொட்டுக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சைகையில் கேட்டார். ‘இது என் பிள்ளை’ என்று சொல்லிக்கொடுத்தேன். வாய்க்கால் பாலம் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டே நின்றேன். பெற்றவள் எதற்காக இதைப் பாடம் பண்ண வேண்டும்?

அம்மன் கோயில் திருவிழா வந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு நானும் ஆயாவும் அலங்காரம் செய்தோம். என் அண்ணன் பேத்தியின் பழைய பட்டுப்பாவாடை ஒன்று இருந்தது, அதை அந்தப் பிள்ளைக்குக் கட்டினேன். ரெட்டைச் சடை, கனகாம்பரம், கண்ணுக்கு மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. இன்றைக்கு ஒருநாளாவது யாரும் அவளை ‘இந்திக்காரி மக’ என்று தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். நினைத்தது அப்படியே நடந்தது. வேற்றூர்க்காரர் யார் பார்த்தாலும் எங்கள் தெருப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

சாயங்காலம் மைக் செட்டில் பாட்டை நிறுத்திவிட்டு ஒருவர் அறிவிப்புச் செய்தார். “பொதுமக்கள் கவனத்துக்கு. ஊருக்குள்ள வடநாட்டு ஆளுக நடமாட்டம் இருக்கதாத் தெரியுது. அவங்கவங்க பிள்ளைகளப் பத்திரமாப் பாத்துக்கங்க.” மறுபடியும் பாட்டுப் போட்டார்கள். அந்த அறிவிப்பு ஊரின் மூன்று தெருவுக்கும் கேட்டிருக்கும். தோட்டத்திலிருந்து மகளைக் கூட்டிப்போக வந்துகொண்டிருந்தவருக்கும் கேட்டிருக்கும். ‘வடநாட்டு’ என்ற சொல் அவருக்கு விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அன்றைக்கு அவர் வழக்கத்துக்கு மாறாக ஓடி வந்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேகமாகத் திரும்பினார்.

கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் அங்கன்வாடியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டது. அந்தப் பிள்ளையின் குரல்தான். “விடு! நான் வரமாட்டேன்! விடு என்னய!” ராட்டினத்தில் ஏற வேண்டும் என்று மண்ணில் விழுந்து புரண்டிருக்கிறாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் செய்கிற வேலைதான். அவளுடைய அம்மா பயத்தில் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஏலக்காய் ஜீப்புகள் வந்து நின்றிருக்கின்றன.

பட்டுப்பாவாடை கட்டிய தமிழ்ப் பிள்ளை. தமிழில் கதறுகிறது. இழுத்துப் போகிறவளுக்குத் தமிழ் வரவில்லை. அலுத்துப்போய் ஜீப்பைவிட்டு இறங்கிய சனத்துக்கு வேறென்ன தோன்றும்? நான் சாவியைக்கூட எடுக்காமல் ஓடினேன். அதற்குள் வளைத்துவிட்டார்கள்.

“இது என் பிள்ளே. இது என் பிள்ளே” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு கிழவர் சிரித்தார். “பாத்தீகளா, பாடம் பண்ணிட்டு வந்திருக்கா. வேற ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க பாப்பம்.”

யாரோ சேலையைப் பிடித்திருந்தார்கள். கூட்டத்தில் பாதிப்பேர் அவரைத் தினமும் பார்த்தவர்கள்தான். முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரியும்? நான் ஆட்களை விலக்கிக்கொண்டு “விடுங்க, விடுங்க, அது அவுக பிள்ள” என்று கத்தினேன். ராட்டின மோட்டார் சத்தத்திலும் பாட்டுச் சத்தத்திலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முன்னால் நின்றவள் என் நாத்தனார். வேலைக்குப் போட்ட ஆண் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அந்த அலங்காரத்தில் பிள்ளை யாரென்று அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை. குனிந்து, பிள்ளையின் கன்னத்தைத் தடவி, நல்லவிதமாகத்தான் கேட்டாள்.

“பயப்படாத ஆத்தா. சொல்லு. இது யாரு?”

பிள்ளை விக்கிக்கொண்டே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கடையில், தெருவில், அங்கன்வாடி வாசலில், ஊர் முழுக்க அவளுடைய அம்மாவை எப்படிக் கூப்பிட்டதோ, அதைச் சொன்னாள்.

“இந்திக்காரி.”

நாத்தனார் கையை ஓங்கியதைப் பார்த்தேன். முதல் அடி அவளுடையது. அடுத்தடுத்து விழுந்தது யாருடையது என்று தெரியவில்லை. அவர் கைகளைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. ஒரு கை மகளைப் பிடித்திருந்தது, இன்னொரு கையால் அந்தப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார். ‘புள்ளய விடுடி’ என்று அந்தக் கையைத்தான் அடித்தார்கள்.

நான் நடுவில் போய் விழுந்தேன். எனக்கும் முதுகில் ஒன்று பட்டது. டீச்சர் என்று தெரிந்ததும் சற்று ஒதுங்கினார்கள். பிள்ளையை என் பக்கம் திருப்பி, “ஒங்கம்மா எங்க தாயி?” என்று கேட்டேன். கேட்கும்போதே பயமாக இருந்தது. இந்த முறையும் வேறு எதையாவது சொல்லியிருந்தால் அங்கே ஒரு உயிர் போயிருக்கும்.

அவள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். “இதான் எங்கம்மா” என்றாள். இதைப்போய்க் கேட்கிறீர்களே என்பதுபோலச் சொன்னாள். இந்திக்காரி என்பது அவளுக்குத் தன் அம்மாவின் பெயர், அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்தது. ஒருவர்கூட மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. “தெரியாம நடந்துபோச்சு” என்றார்கள். “தமிழ்நாட்டுக்குப் பொழைக்க வந்தா தமிழ் படிக்க வேணாமா?” என்றும் ஒருவர் சொன்னார். பாட்டு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

இருட்டுவதற்குள் நாத்தனார் என் வீட்டுக்கு வந்தாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. “நான் அடிக்காட்டி வேற யாராச்சும் அடிச்சிருப்பாக மதினி” என்றாள்.

“மலைமேல ஒன்னயப் பாண்டின்னாளே, அவள அடிச்சியா நீ?” என்று கேட்டேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள். மறுநாள் விடியுமுன் வழக்கம்போல ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அவளும் ஏறிப் போனாள்.

போலீசுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அவருடைய கணவர் வேண்டாம் என்று கும்பிட்டார். ஊருக்கே திரும்பிவிட நினைத்தவர்கள், அறுவடை முடியும்வரை இருங்கள் என்று தோட்டத்து முதலாளி சொன்னதால் இருந்தார்கள். சில நாள் கழித்து அந்தத் தாய் மகளை மறுபடியும் அங்கன்வாடிக்குக் கொண்டுவந்தார். கையில் வீக்கம் வடிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அதே கும்பிடு. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

அன்று சாயங்காலம்தான் கவனித்தேன். பிள்ளை முன்னால் நடந்தாள். அவர் நன்றாகத் தள்ளிப் பின்னால் நடந்தார், யாரோ ஒருவரைப்போல. பிள்ளை திரும்பி நின்று கையை நீட்டினால், போ போ என்று தலையை அசைத்தார். ஊர் எல்லையில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிய பிறகு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார். தினமும் இப்படித்தான். நான் ஒருநாள் கூடவே நடந்து, பிள்ளையின் ஒரு கையை நான் பிடித்து, மறுகையைப் பிடியுங்கள் என்று காட்டினேன். சிரித்தார். பிடிக்கவில்லை.

போன வாரம் அங்கன்வாடி விட்டு இருவரும் மெயின் ரோட்டைக் கடந்தார்கள். பிள்ளை பாதி ரோட்டில் பட்டாம்பூச்சி எதையோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். கம்பம் பக்கமிருந்து ஏலக்காய் ஜீப் ஒன்று பறந்து வந்தது. நான் வாசலிலிருந்து கத்தினேன். அவருடைய கை முன்னால் நீண்டது. பிள்ளையின் சட்டையைத் தொடப்போன கை அப்படியே நின்றது.

அவர் ஜீப்பைப் பார்க்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர் ஆட்களைப் பார்த்தார்.

ஜீப் டிரைவர்தான் ஒடித்துத் திருப்பினார்.