தண்ணீரில் கால் வைக்காத குதிரை

பனியன் கம்பெனிக்காரர் வீட்டில் குதிரை வளர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் அவஸ்தை புரியும். பெண்குட்டி தாயின் வயிற்றில் இருந்த பதினோரு மாதமும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "எப்பக் கண்ணு டெலிவரி?"

தாய், ஊட்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. தகப்பன், கோயம்புத்தூரில் நான் சவாரி கற்ற பள்ளியின் தடைதாண்டும் குதிரை. இரண்டையும் சேர்த்தால் ஈவெண்டிங் குதிரை கிடைக்கும் என்பது என் திட்டம். சொன்னபடி அழகாக நடக்க வேண்டும், மைதானத்தில் கம்பம் தாண்ட வேண்டும், காடுமேடெல்லாம் ஓடிக் கட்டை, பள்ளம், குட்டை என்று எது வந்தாலும் கடக்க வேண்டும். மூன்று பரீட்சைக்கும் ஒரே குதிரை.

மூன்று வயதுக்கு முன் ஏறக்கூடாது, எலும்பு முற்றாது. ஞாயிறுதோறும் வரும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லியே என் தொண்டை கட்டிப்போனது. பேரனை உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தால் குதிரை தேய்ந்தா போய்விடும் என்பார்கள். "மூணு வருசமா ஒரு சாம்பிள்கூட அப்ரூவல் ஆகலியே," என்பார் அப்பா.

நாலாவது வயதில் சொன்னபடி நடந்தது, கம்பம் தாண்டியது. தண்ணீர்தான் ஆகவில்லை. தரையில் சிறு தேங்கலைக் கண்டாலும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும்.

நிற்காமல் என்ன செய்யும்? வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனிக்குப் பின்னால்தான் சாயக்கழிவு ஓடை. ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம். குட்டி வாய் வைத்துவிடக் கூடாதே என்று எல்லோரும் விரட்டினார்கள். தையல் மெஷினிலிருந்து திருநெல்வேலி அக்கா, "ஏட்டி, தண்ணிப் பக்கம் போவாத!" என்று கத்துவார். செக்கிங் மேசையிலிருந்து பீகார்க்காரர்கள், "ஹட், ஹட்!" அப்பா துண்டை வீசுவார். நானும் கத்தினேன், வேறென்ன செய்ய? மொத்தக் கம்பெனியும் கொடுத்த பயிற்சியில் உருப்படியாக முடிந்தது இது ஒன்றுதான்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் விலைக்குக் கேட்டார். "ஞாயித்துக்கெழம வருவாரு. அதுக்குள்ள தண்ணில எறங்கலீன்னா குடுத்தரலாம்," என்று அப்பா முடித்துவிட்டார்.

சனிக்கிழமை லாரியில் ஏற்றிக் கொமரலிங்கம் போனோம். அமராவதி ஆற்றில் முழங்காலளவு தெளிந்த தண்ணீர். நான் முதுகில் உட்கார்ந்து குதிகாலால் அழுத்தினேன். வெல்லம் காட்டினேன், கெஞ்சினேன். அது கரையில் கல்லாக நின்றது. உச்சிவெயில் வந்துவிட்டது.

அப்பா பொறுமையிழந்து, வேட்டியை மடித்துக் கட்டிக் கயிற்றோடு ஆற்றில் இறங்கினார். "வா கண்ணு, இது சாயத்தண்ணி இல்ல. பாரு, நானே குடிக்கறேன்." என்னைக் கூப்பிடும் அதே குரல். ஒரு கை அள்ளிக் குடித்தும் காட்டினார்.

ஒரு கால் வைத்தது. இன்னொன்று. மோந்தது, காலால் அடித்தது, அப்பாவை முழுக்க நனைத்தது. நான் கத்தி முடிப்பதற்குள் முன்னங்கால் மடித்துப் படுத்தேவிட்டது. நான் ஆற்றில். புதுச் சேணமும் ஆற்றில். இழுத்துப் பார்த்தோம், எழுந்திருப்பதாக இல்லை.

"அந்தக் கல்யாணக்காரர வர வேண்டாம்னு சொல்லிரு கண்ணு."

"தண்ணில எறங்கிடுச்சுன்னு சொல்லட்டுங்களாப்பா?"

"மாப்பிள்ளையோட சேத்துல படுத்துக்கிச்சுன்னா நம்ம பேரு என்னாகறது? ரிஜெக்ட் பீஸ நான் வெளிய அனுப்பினதில்ல."

கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியைப் பிழிந்துகொண்டே கரையேறினார்.