முத்தாயிக்குத் தாமதமாக வாய்த்த மாமனார்

கல்லுமலை ரப்பர்த் தோட்டத்து முத்தாயிக்கு ஊரறியப் பெருமையடித்துக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அவளுக்கு மாமனாரும் கிடையாது, மாமியாரும் கிடையாது. "அதப் பாத்துத்தான் கழுத்த நீட்டுனேன்" என்று கோலா சாவா கடைத்தெருவில் நின்று சத்தமாகவே சொல்லுவாள். புருஷன் வீரமுத்து பத்து வருஷம் குடித்தனம் நடத்திவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை. புல்வெட்டுக் கூட்டத்தில் வேலை, கூலிக்காரர் லயத்தில் ஓர் அறை, ஒரு தட்டு, ஒரு லோட்டா. நாற்பத்தெட்டு வயது வரை அவளைத் "தண்ணி கொண்டா" என்று அதட்ட ஆளில்லை.

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்து அதையும் கெடுத்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஜனங்கள்தான் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி, சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் கூட்டிச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். அறை பற்றவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பட்டியலைப் பார்த்தார். முத்தாயி என்ற பெயருக்கு அறை ஒன்று, ஆள் ஒன்று. பட்டியலின் அடியில் இன்னொரு பெயர் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைத் தூக்கி இவள் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிட்டார். அந்தப் பெயர் மாயாண்டிக் கங்காணி.

முப்பது வருஷம் அந்தத் தோட்டத்தையே ஆட்டிவைத்த மனிதர். அவர் செருமினால், விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கிற கூட்டம் மூச்சுவிடாது. இப்போது வாதம் வந்து வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. பெண்டாட்டி செத்தாயிற்று. மகன் சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி கடிதம் போடுவான், வரமாட்டான். வாதத்துக்குத் தப்பியது மீசை மட்டும்தான்.

"கிராணி ஐயா, அவரு எனக்கு என்ன உறவு?" என்று முத்தாயி சண்டைக்குப் போனாள்.

"ரெண்டே மாசம்லா, முத்தாயி. அப்புறம் வேற எடம் பாக்கலாம்."

அந்த இரண்டு மாசம் ஒன்றரை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, முதுகு புண்ணாகாமல் மூன்று வேளை புரட்டிப் படுக்கவைப்பது என்று எல்லாம் அவள் தலையில் விழுந்தது. நாற்பத்தெட்டு வயதில் எனக்கும் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, ஆனால் மீசையோடு பிறந்திருக்கிறது என்று புல்வெட்டுக் கூட்டத்தில் சொல்லிச் சிரிக்கவைப்பாள். கங்காணியோ அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "ஏ புல்லுக்காரி" என்பார். ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வச்சிட்டுப் போ. எனக்குக் கை இருக்கு." ஒரு கைதான் இருந்தது, அதுவும் இடது கை. வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது தட்டு துடைத்துவைத்த மாதிரி இருக்கும். நல்லவேளை, தின்கிறாராவது என்று நினைத்துக்கொள்வாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் கெடுபிடி முற்றியது. வீட்டில் ஒரு பிடி அரிசி இருக்கக்கூடாது என்று உத்தரவு. தோட்டம் முழுக்க ஒரே பொதுச் சமையல், வெந்த சோறாகத்தான் கிடைக்கும். வெந்த சோறு மறுநாள் ஊசிப்போகும், காட்டுக்குள் அனுப்ப முடியாது என்பது வெள்ளைக்காரன் புத்தி. பால் டின்னைக்கூடக் கடைக்காரன் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். நோயாளிகளுக்கு மட்டும் ஒரு சலுகை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் இராஜமாணிக்கம் சீட்டு எழுதிக்கொடுத்தால் வாரம் இரண்டு டின் பாலும் தினம் ஒரு முட்டையும் கிடைக்கும். கங்காணிக்கும் அந்தச் சீட்டு இருந்தது.

அந்தச் சீட்டுதான் வினையாக முடிந்தது. ஒரு நாள் போலீஸ் சார்ஜன் அலெக்சாண்டர் சீட்டுக்காரர்களை எண்ணிப் பார்க்க வந்தார். சிரம்பானில் பிறந்து வளர்ந்த வேதக்காரத் தமிழர். அதட்டலிலும் ஒரு மரியாதை இருக்கும். கங்காணியின் போர்வையை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே எலும்பும் மீசையும்தான் இருந்தன.

"வாரம் ரெண்டு டின் பாலு. தெனம் முட்டை. சோறு வேற. அவ்வளவும் தின்ன ஆளு இப்படியா இருப்பான்? சாப்பாடு எங்கம்மா போவுது?"

"அவருதாங்க திங்கிறாரு. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல."

சார்ஜன் நம்பவில்லை. பால் ஸ்டோருக்குத் தூக்கிப்போகச் சொன்னார். ரப்பர்ப் பால் வாளி மாட்டுகிற தராசில், கோணிச் சாக்கைத் தொட்டில் கட்டிக் கங்காணியைத் தொங்கவிட்டார்கள். எந்தத் தராசின் முன்னால் நின்று பால்வெட்டுக்காரர்களை முப்பது வருஷம் உருட்டி மிரட்டினாரோ அதே தராசு. முள் எழுபத்தெட்டு ராத்தலில் நின்றது.

"பதினஞ்சு நாள் டைம் தர்றேன். மறுபடி நிறுப்பேன். ஏறியிருந்தா உன்ன நம்புறேன். ஏறலைன்னா, நீ காட்டுக்குச் சோறு அனுப்புறேன்னுதான் எழுதுவேன். அப்புறம் தடுப்புக் கேம்ப்பு. கேம்ப்புலேருந்து கப்பலு. ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்."

எந்த ஊருக்கு? முத்தாயி பிறந்தது கோலா சாவாவில். தமிழ்நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. தன் தலையெழுத்து இந்தக் கிழவரின் தொப்பையில் போய் மாட்டிக்கொண்டதே, அந்தத் தொப்பையும் இல்லையே என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள் வேலைக்குப் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, பலகைச் சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கங்காணி இடது கையால் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். உருட்டினார், உருட்டினார், கண் பிதுங்கியது. ஒரு இருமல் வெடித்து மூக்கு வழியாகப் பருக்கை வந்தது. பிறகு வாயில் இருந்ததைக் கையில் துப்பி, வாசலைப் பார்த்து "பா, பா" என்றார். பக்கத்து அறைத் தாயம்மாவின் சேவல் ராஜநடை போட்டு உள்ளே வந்தது. தட்டு சுத்தமாகிறவரை அது தலையைத் தூக்கவில்லை. பால் பலகை இடுக்கில் ஊற்றப்பட்டது. முட்டையைச் சேவல்தான் தின்றது. இனத்தைத் தின்கிறோமே என்ற கூச்சம்கூட அதற்கு இல்லை.

முத்தாயி கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனாள். "யோவ் கங்காணி! நான் கப்பலேற, நீ சேவல் வளக்கிறியா?"

சத்தம் கேட்டுத் தாயம்மா எட்டுமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "என் சேவலு கம்யூனிஸ்டு இல்லடி!" என்றாள் பதறிப்போய்.

கங்காணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு குழறிக் குழறிச் சொன்னார். "எறங்க மாட்டேங்குது புள்ள. தொண்டையும் பாதி செத்துப்போச்சு. தண்ணி குடிச்சாலும் மூச்சு முட்டுது. ஊட்டிவிட்டா எல்லாம் பாத்துருவீங்கல்ல, கங்காணிக்குச் சோறு விழுங்கக்கூட வக்கில்லன்னு."

மானம் போய்விடுமாம். மானத்தைக் காப்பாற்றப் பட்டினி கிடந்திருக்கிறார், பாவி மனுஷர். முத்தாயிக்கு அடிக்கவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

டிரெசர் இராஜமாணிக்கம் வந்து பார்த்து எச்சரித்தார். "மெல்லக் குடும்மா. புரையேறி நெஞ்சுக்குள்ள போச்சுன்னா சளி கட்டி ஆளு போயிடுவாரு." எப்படிக் கொடுப்பது என்பதை அவரும் சொல்லவில்லை. முத்தாயிதான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தாள். படுத்தால் ஏறுகிறது, நிமிர்ந்து உட்கார்ந்து தாடையைத் தாழ்த்தினால் இறங்குகிறது. தண்ணீராக இருந்தால் ஏறுகிறது, களிபோல் இருந்தால் இறங்குகிறது. பொதுச் சமையல் சோற்றைத் துணியில் வைத்துப் பிசைந்து, அவித்த முட்டையும் வாழைப்பழமும் டின்பாலும் சேர்த்துக் குழைத்தாள். நல்ல பக்கமான இடது கன்னத்தில் அரைக் கரண்டி. தொண்டை முடிச்சு ஏறி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். முக்கியமாக, வாயில் சோறு இருக்கும்போது அவர் பேசவே கூடாது. பேசினால் புரையேறும்.

ஒரு வேளைக்கு முக்கால் மணிநேரம், நாளைக்கு ஐந்து வேளை. புல்வெட்டுக்குப் போகிறவள் என்ன செய்வாள்? லயத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒருவரும் மசியவில்லை. பொதுச் சமையல்காரன் நல்லசாமி கரண்டியை ஓங்கிவிட்டான். "வாளியத் தலையில வச்சுப் பகல் பூரா வெயில்ல நிக்கவச்சான். அந்த ஆளு வாயில நான் சோறு வைக்கவா?"

முத்தாயிக்குச் சட்டென்று புத்தி வேலை செய்தது. "வச்சுக்கிட்டே திட்டு. அவரால திருப்பிப் பேச முடியாது. பேசினா புரையேறும்லா."

நல்லசாமி கரண்டியை மெல்ல இறக்கினான். "நெசமாவா?"

மறுநாள் பத்து மணிக்கு, குழைய வெந்த சோற்றுடன் நல்லசாமி வந்து உட்கார்ந்தான். ஒரு கரண்டி, ஒரு வசவு. கங்காணிக்குக் கண் சிவந்தது, மீசை துடித்தது, தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. முக்கால் மணிநேரம் கழித்து நல்லசாமி பத்து வயது குறைந்தவன்போல் வெளியே வந்தான். "எனக்கு இன்னும் பாக்கி இருக்கு, நாளைக்கும் நாந்தான்" என்றான்.

சேதி லயம் முழுக்கப் பரவியது. பன்னிரண்டு மணிக்குத் தாயம்மா. அவள் கல்யாணம் கட்டிக்கொள்ள ஒருவனோடு ஓடியபோது பிடித்துவந்து பெரட்டில் நிறுத்தியவர் இவர். ஒரு மணிக்கு மேல் பால்மரக் காட்டிலிருந்து திரும்பும் வெட்டுக்காரர்கள் முறைபோட்டு வந்தார்கள். நிறுவையில் கட்டைவிரல் வைத்தது, சண்டைச் சேவலைப் பிடுங்கிக் குழம்பு வைத்தது, பெண்பிள்ளைக்குப் பன்றி என்று பெயர் வைத்து அதுவே நிலைத்துப்போனது என்று முப்பது வருஷத்துக் குப்பை அத்தனையும் அந்தப் பாயின்மேல் வந்து கொட்டியது. முதல் மூன்று நாள் கங்காணி முறைத்தார். நாலாம் நாள் தலையைக் குனிந்துகொண்டார். தாடையைத் தாழ்த்தினால் நன்றாக இறங்கும் என்பதால் அதுவும் நல்லதாகவே போயிற்று. பத்தாம் நாள் பலருக்கு வசவு தீர்ந்துவிட்டது. ஆனாலும் வந்தார்கள், சும்மா ஊட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு வார்த்தை திட்டாதவள் முத்தாயி மட்டும்தான். "உனக்கு இல்லாத பாக்கியா? கேளேன்டி" என்று தாயம்மா தூண்டினாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

உண்மை அதுவல்ல. வீரமுத்து செத்த வாரம், ஒரு நாள் விடியலில், அவனைப் பெரட்டிலிருந்து பால்வெட்ட மரத்துக்கு விரட்டியவர் இந்தக் கங்காணி. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் என்று இவருக்குத் தெரியுமா, தெரியாதா? பதினாறு வருஷமாக அவள் நெஞ்சில் கிடக்கும் கேள்வி அது. மற்றவர்களுக்குக் கங்காணி வாய் அடைத்திருப்பதுதான் வசதி. இவளுக்கோ பதில் வேண்டும். ஆனால் தெரியும் என்று சொல்லிவிட்டால் அப்புறம் இவள் கை அந்த வாய்ப்பக்கம் போகாது. கை போகாவிட்டால் இவள் கப்பலில் போகவேண்டும். அதனால் தினமும் அவருக்கு ஊட்டினாள், கேள்வியைத் தான் விழுங்கினாள்.

பதினைந்தாம் நாள் சார்ஜன் வந்தார். தோட்டமே பால் ஸ்டோரில் கூடியது. இடுப்பில் கல்லைக் கட்டியிருக்கிறார்களா என்று சார்ஜன் தடவிப் பார்த்தபோது கங்காணிக்குக் கோபம் வந்தது. சாக்குத் தொட்டில் ஏறியது. முள் ஆடி ஆடி எண்பத்திரண்டில் நின்றது. நாலு ராத்தல்!

"முன்னாடி சாப்பாடு எங்கய்யா போச்சு?" என்று சார்ஜன் கேட்டார்.

தொங்கிக்கொண்டே கங்காணி சொன்னார். "என்னால விழுங்க முடியல சார். வெக்கப்பட்டுக்கிட்டுச் சேவலுக்குப் போட்டேன். இந்தம்மா மேல தப்பில்ல." அத்தனை பேர் முன்னாலும், ஒரு எழுத்து விடாமல் சொன்னார். சார்ஜன், தாயம்மா இடுக்கிக்கொண்டு வந்திருந்த சேவலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் நோட்டில் இருந்த முத்தாயியின் பெயரை அடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேலை இல்லாத நாள். முத்தாயி சோற்றைக் குழைத்து எடுத்துவந்தாள். கங்காணியை நிமிர்த்தி உட்காரவைத்தாள். அவர் தாடையைத் தாழ்த்தி வாயைத் திறந்தார். அவள் கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எம் புருசனை நீங்க மரத்துக்கு அனுப்புனீங்களே, அன்னிக்கு. அவருக்குக் காச்சல்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாயில் சோறு இல்லை. தாராளமாகப் பொய் சொல்லலாம். சாட்சியும் கிடையாது. கங்காணி அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"தெரியும். தொட்டுப் பாத்தேன். சுட்டுச்சு. வெட்டுக்கு ஆளு கொறைஞ்சுபோச்சுன்னு அனுப்புனேன்."

முத்தாயி வாய்விட்டு அழுதாள். அந்த நிமிஷம் அவரை அவள் மனதார வெறுத்தாள். பொய் சொல்லாமல் இருந்தாரே என்று ஓர் ஆறுதலும் அந்த வெறுப்புக்குள்ளேயே இருந்தது, அதற்கும் சேர்த்து அழுதாள். இனி இவர் மெலிந்தாலும் செத்தாலும் யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. கங்காணிக்கும் அது தெரியும். அவர் வாயை மூடிக்கொண்டு, தட்டைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

முந்தானையால் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, முத்தாயி கரண்டியை எடுத்தாள்.

"வாயத் தொறங்க. ஆறிப்போவுது."