பொங்கலுக்குக் கழுவிய மெசின்

வாசல் கழுவுகிற பிரஷர் மெசின் விற்பவளிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. பழையது செத்த கையோடுதான் வருவார்கள்.

சுவிஸில், ஓல்டனில் ஒரு பெரிய சாமான் கடையின் தோட்டக் கருவிப் பகுதியில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்பதுதான் சரியான சொல், அங்கே எங்களுக்குக் கதிரை கிடையாது. கடையில் நின்று கால் வீங்கிய உங்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை. போன மார்கழியில் எங்கள் பகுதிப் பொறுப்பாளர், இங்கத்தைப் பேச்சில் செஃப், பென்சன் எடுப்பதாகச் சொன்னார். அந்த இடத்துக்கு நானும் எழுதிப் போட்டேன், என்னோடு நிற்கிற சுவிஸ் பொடியன் ரெட்டோவும் எழுதிப் போட்டான். ரெட்டோ வந்து பதினாலு மாதம். எந்த மெசின் எதற்கு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

விசயம் தெரிந்த ஆள்

ஒரு வயதான சுவிஸ்காரர் வந்தார். பன்னிரண்டு வருடம் பாவித்த மெசின் நின்றுவிட்டதாம், புதிது வேண்டும். கழுவுவது கல்லா மரமா, எவ்வளவு இடம், தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் தோளுக்கு மேலால் பார்த்து, விசயம் தெரிந்த ஆண் ஒருவர் இருக்கிறாரா என்றார். ரெட்டோவைக் கூப்பிட்டேன்.

எந்த மெசின் சரி என்று ரெட்டோ அவருக்கு முன்னாலேயே என்னிடம் கேட்டான். நான் சொன்னேன். அதையே அவன் அவர் பக்கம் திரும்பிச் சொன்னான். மனுசன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டு, நான் சொன்ன மெசினையே வாங்கினார். போகும்போது என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்: "கெட்டிக்காரப் பொடியன். இவரோடு நின்றால் நீங்களும் மெல்ல மெல்லப் பழகிவிடுவீர்கள்."

நாற்பது நிமிடம்

அடுத்தவர் சென்னைப் பக்கத்து என்ஜினியர், சூக் நகரில் வேலை, குடியிருப்பு ஓல்டனில். கைபேசியில் ஒரு அட்டவணையே வைத்திருந்தார். அழுத்தம் எத்தனை பார், மணிக்கு எத்தனை லீற்றர், வயர் எத்தனை மீற்றர். எல்லாவற்றிலும் பெரியதாகப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்து வைத்திருந்தார்.

வீட்டில் என்ன கல் என்று கேட்டேன். படத்தைக் காட்டினார். மெத்தென்ற மணற்கல். அவர் பிடித்து வைத்திருந்த மெசினால் அடித்தால் இரண்டு வருடத்தில் கல்லே மெலிந்துவிடும், சின்னது போதும், தட்டையான வாய் போட்டு ஒரு முழம் தள்ளி நின்று அடியுங்கள் என்றேன். நாற்பது நிமிடம் தொண்டை காயக் கதைத்தேன். யார் எவ்வளவு விற்றார்கள் என்று மேலிடம் பார்க்கிற நேரம் அது. கடைசியில் அவர் எனக்கு முன்னால் நின்றபடியே கைபேசியைத் தட்டினார்: "ஆன்லைன்ல நாளைக்கே வீட்டுக்கு வந்துடுதுங்க, அங்கயே ஆர்டர் போட்டுட்டேன். ஆனா நீங்க சொன்ன மாதிரி எந்த வெப்சைட்லயும் சொல்லலை, ரொம்ப தேங்க்ஸ்."

தைப்பொங்கல்

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். பனியோ மழையோ, பொங்கலுக்கு வீட்டு வாசல் கழுவிக் கோலம் போட வேண்டும். குளிர்காலத்தில் வெளிக்குழாய் பூட்டியிருக்கும். ஆனாலும் உடுப்புத் தோய்க்கிற அறையிலிருந்து குழாய் இழுத்து, பிரஷர் மெசினால் அடிப்பார்கள். பிறகு பானை பொங்குகிற சந்தோசத்தில் மெசினைத் தண்ணீரோடு கராஜுக்குள் தள்ளிவிடுவார்கள். இரவு அந்தத் தண்ணீர் உறைந்து பம்பைப் பிளந்துவிடும். கழுவி முடிந்ததும் குழாயைக் கழற்றி, அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டுத் தண்ணீரை வெளியேற்றி, மெசினை வீட்டுக்குள் வையுங்கோ என்று கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பொங்கலன்று பத்து மணிக்கு எனக்குப் பொறுப்பாளர் நேர்முகம். ஏழுக்கு முன் சத்தம் போட முடியாது, அயலவர் விடமாட்டார்கள். ஏழு அடித்ததும் வாசலைக் கழுவினேன். எட்டுக்குப் பானை வைத்தோம். ஒன்பதுக்குச் சேலையை மாற்றிக் கோட் போட்டேன். மெசினுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று கணவர் குமரனிடம் சொன்னேன். அவர் அகப்பையும் கையுமாகச் சொன்னார்: "ஓம், நான் பாக்கிறன், நீ வெளிக்கிடு. திரும்பி வரேக்க செஃபா வா."

எங்கடை ஆள்

மாசியில் கோயிலில் பழக்கமான நடேசு அண்ணை தன் மெசினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தேன். பம்பில் நீளமாக வெடிப்பு. உறைந்து வெடித்தால் உத்தரவாதத்தில் மாற்ற முடியாது. அண்ணை குரலைத் தணித்து, தயாரிப்புப் பிழை என்று எழுதிவிடு பிள்ளை, உனக்கு ஒரு கையெழுத்துத்தானே என்றார். "ஏலாது அண்ணை. சின்னதா ஒண்டு வாங்குங்கோ, உங்கடை வாசலுக்கு அது காணும்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

எனக்கு லீவு நாள் பார்த்து மறுபடி வந்திருக்கிறார், ரெட்டோவிடம். ரெட்டோ மூடியைத் திறக்காமலே தயாரிப்புப் பிழை என்று எழுதி, புது மெசின் கொடுத்துவிட்டான். அண்ணை கடையின் இணையப் பக்கத்தில் ரெட்டோவுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். எங்கள் மேலாளர் அம்மா ஃப்ராவ் கெல்லர் அதை அச்செடுத்து, நாங்கள் சாப்பிடுகிற அறைச் சுவரில் குத்தினார். நான் வாய் திறக்கவில்லை, திறந்தால் பொறாமை என்பார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் அண்ணை பத்துப் பேருக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளைக்காரனுக்கு இருக்கிற மனசு எங்கடை ஆக்களுக்கு இல்லைப் பிள்ளை."

அறிவிப்பு

பங்குனியில் ரெட்டோ பொறுப்பாளர் ஆனான். அதே கிழமை அண்ணையின் மெசினைத் தொழிற்சாலை திருப்பி அனுப்பியது, இது உறைந்து வெடித்தது என்று குறிப்போடு. ஃப்ராவ் கெல்லர் என்னைக் கூப்பிட்டு, ரெட்டோவுக்கு இதையெல்லாம் ஒழுங்காகப் பழக்கிவிடச் சொன்னார். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அன்று பஸ்ஸில் அழுதேன், அதை ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

பதவி ஏன் எனக்கு இல்லை என்றும் கேட்டேன். ஃப்ராவ் கெல்லர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்களைப் போல வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்ல இங்கே வேறு ஆள் இல்லை. அந்த இடத்தைவிட்டு உங்களை எடுக்க எங்களுக்கு மனமில்லை."

கவுண்டருக்கு இந்தப் பக்கம்

சித்திரையில் வாசல் கழுவ குமரன் மெசினை வெளியே எடுத்தார். போட்டதும் அடியால் தண்ணீர் கொட்டியது. பானை பொங்கின சந்தோசப் புழுகத்தில் மறந்துபோனாராம். ஏசவும் எனக்கு உரிமையில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன நான், என் கையால் செய்ய வேண்டிய அரை நிமிட வேலையை நேர்முகத்துக்கு ஓடுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மெசினுக்கு இன்னும் உத்தரவாதம் இருந்தது. என் லீவு நாளில் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். ரெட்டோ கண்டுபிடிக்க மாட்டான், ஒன்றும் சொல்லாமல் நில் என்றார் குமரன். நானும் ஒன்றும் சொல்லாமல்தான் நின்றேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். ரெட்டோ மூடியைக் கழற்றினான். டோர்ச் அடித்தான். நான் பழக்கினபடியே வெடிப்பின் மேல் விரலை ஓட்டினான். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, என் கையெழுத்துத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தான்: "இது உறைந்து வெடித்தது, சுகந்தி, மாற்றித்தர முடியாது. நீதானே சொன்னாய், ஆளைப் பார்க்காதே, பம்பைப் பார் என்று."

சின்ன மெசின் ஒன்றை நானே தெரிவு செய்து வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்பது வருடத்தில் அந்தக் கடையில் என் சொல்லை ஒருவர் எழுத்துப் பிசகாமல் கேட்டு நடந்தது அந்த ஒருமுறைதான்.