அத்தை உள்ளே வந்த சாயங்காலம்

மிருகக்காட்சிசாலையில் வேலை பார்க்கிறவர் என்றால் தினமும் புலியோடு மல்லுக்கட்டுகிறவர் என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. மல்லுக்கட்டுவதெல்லாம் வாளியோடும் துடைப்பத்தோடும்தான். கூண்டு கழுவ வேண்டும், தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்க வேண்டும், இறைச்சியை நிறுத்துப் போட வேண்டும். இதையே இருபத்துநாலு வருஷம் செய்தவர் பாட்டுக்காரர். அது உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். அவர் ஒரு வரி பாடி யாரும் கேட்டதில்லை.

பெயர் வந்தது அடைப்பு நேரத்தால். அங்கே ஒவ்வொரு மிருகத்துக்கும் பகலில் உலாவ வெளியே ஒரு மண்தரை, இரவு தங்க உள்ளே ஒரு சிமெண்டு அறை. இரண்டுக்கும் நடுவில் சங்கிலியால் ஏற்றி இறக்குகிற இரும்புக் கதவு. சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் உள்ளே போயாக வேண்டும். கடைசி மிருகமும் உள்ளே போய், கதவு இறங்கி, மேற்பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியும். மற்றவர்கள் இறைச்சியைக் காட்டுவார்கள், தகரத்தைத் தட்டுவார்கள், தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் கம்பிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "வாம்மா கண்ணு... வா வா... வாம்மா" என்று இழுத்துக் கூப்பிடுவார். சொன்னால் நம்பமாட்டீர்கள், சிறுத்தைகூடச் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வரும்.

வீட்டிலும் அதே குரல்தான், அதே சொற்கள்தான். ஒரே மகள், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள். தெருவில் விளையாடிக்கொண்டிருப்பாள். அம்மா நாலு தடவை கத்தினாலும் காதில் ஏறாது. இவர் வாசலில் நின்று ஒரு தடவை "வாம்மா கண்ணு" என்றால் போதும், பாதி ஆட்டத்தில் போட்டது போட்டபடி ஓடி வருவாள். "உங்களுக்கு மிருகமும் ஒண்ணுதான், பொண்ணும் ஒண்ணுதான்" என்று மனைவி கேலி செய்வார். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவர் பொறுப்பில் ஒரு பெண் கழுதைப்புலி இருந்தது. அத்தை என்று பெயர். எவ்வளவு நல்ல இறைச்சி போட்டாலும் முதலில் மோந்து பார்த்து, போட்டவரை ஏற இறங்கப் பார்த்து, போனால் போகிறது என்பது போலத்தான் தின்னும். விருந்துக்கு வந்து குறை கண்டுபிடிக்கிற அத்தைகள் நம் எல்லார் குடும்பத்திலும் உண்டே, அந்த ரகம். பதினோரு வருஷம் அவரும் அதுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே காலம் தள்ளினார்கள்.

ஒரு நாள் மதியம் உண்ணிக்கு மருந்தடிக்க வெளியாட்கள் வந்தார்கள். உள்ளறைக்கு மருந்தடித்தார்கள். பிறகு கழுவிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தரை ஈரமாகத்தான் இருந்தது. பாட்டுக்காரரும் உள்ளே தலையை நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தார். அவர் மூக்குக்கு ஒரு வாடையும் எட்டவில்லை.

ஐந்து மணிக்குக் கதவைத் தூக்கினார். அத்தை வாசல்வரை வந்தது. முன்னங்காலை உள்ளே வைத்தது, எடுத்துவிட்டது. திரும்பி மண்தரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மறுபடி காலை வைத்து, மறுபடி எடுத்தது. உள்ளே இருந்த இறைச்சியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னால் மேற்பார்வையாளர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன பாட்டுக்காரரே, உங்க அத்தைக்கு இன்னிக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணுமா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்குச் சிரித்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. பிறகு குந்தி உட்கார்ந்து, "வாம்மா கண்ணு... வா வா..." என்றார்.

அத்தை அவர் முகத்தையே பார்த்தது. பார்த்துக்கொண்டே உள்ளே வந்தது. அவர் சங்கிலியை விட்டார்.

காலையில் அது செத்துக் கிடந்தது. இரும்புக் கதவின் அடியில் விரலளவு இடுக்கு ஒன்று உண்டு. அந்த இடுக்கில் மூக்கை அழுத்தி வைத்தபடியே கிடந்தது. இறைச்சி போட்டது போட்ட இடத்திலேயே இருந்தது. மருத்துவர் வந்து பார்த்து வயது மூப்பு என்று எழுதினார். மேலதிகாரி படித்துத் தலையாட்டினார். பாட்டுக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது பசிக்கு வரவில்லை, கதவுக்கு வரவில்லை, தன் உடம்பு வேண்டாம் என்று சொல்லியும் என் குரலை நம்பி வந்தது என்று அவர் சொல்லியிருப்பார். சொல்ல ஆளில்லாமல் அது அவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. அடைப்பு நேரத்தில் இறைச்சியை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பார், அது ஏழு மணி ஆனாலும் சரி. வீட்டிலும் யாராவது வேண்டுமென்றால் எழுந்து போய்த் தோளைத் தொடுவார். "கூப்பிட்டா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?" என்று மனைவி எரிந்து விழுவார். கூப்பிட வாயெடுத்தாலே அந்த முகம் வந்து எதிரில் நிற்கிறது என்பதை அவர் எப்படிச் சொல்வார்? பட்டப்பகலில், தெருவில், பேருந்தில், யாராவது யாரையாவது "வா வா" என்று கூப்பிட்டால்கூட அவருக்கு உடம்பு சில்லிட்டுப் போகும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. மகளுக்கு ஒன்பது வயது. மனைவியின் பெரியப்பா வெளியூரில் இருந்தார். மனைவியைச் சின்ன வயதில் படிக்க வைத்தவர் அவர்தான், வீட்டில் அவர் வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. அதிர்ந்து பேசமாட்டார். பெரியம்மா இறந்த பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் தனியாள். "பாப்பா என்கூட இருந்து படிக்கட்டுமே. பக்கத்துலயே நல்ல பள்ளிக்கூடம். வீட்டுக்கும் ஒரு குழந்தைச் சத்தம் வேணும்" என்றார். மனைவிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பாட்டுக்காரரும் சரி என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அழைத்துப்போகப் பெரியப்பா வந்த அன்று பெட்டி கட்டித் தயாராக இருந்தது. புதுச் சட்டை போட்டு மகளை அம்மா கூடத்துக்கு அனுப்பினார். அவள் கூடத்து வாசலில் நின்றாள். ஒரு கால் உள்ளே வந்தது, பின்னால் போனது. பெரியப்பா சிரித்துக் கையை நீட்டினார். மறுபடி அந்தக் கால் உள்ளே வந்து, மறுபடி பின்னால் போனது. அடுத்த நிமிஷம் அவள் ஓடிப்போய்ப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"பெரியவங்க வந்திருக்காங்க, என்னடி பழக்கம் இது? வெளிய வா!" என்று அம்மா கத்தினார். பாட்டுக்காரர் போய்க் குனிந்து பார்த்தார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா?"

"தெரியலப்பா."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? செஞ்சாங்களா?"

"இல்லப்பா. தெரியலப்பா."

"தெரியாததுக்கெல்லாமா பயப்படுவாங்க? நல்லா இடம் குடுத்து வச்சிருக்கோம்" என்றார் மனைவி.

மனுஷப் பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். காரணம் சொல்லத் தெரியாத பயம் பயமே இல்லை. பிடிக்காவிட்டாலும் கிட்டப் போ, கன்னத்தைக் காட்டு, சிரி. இதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் மரியாதை. அத்தையிடம் கேட்டிருந்தால் அதற்கும் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது.

கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "நீ ஏன்மா கத்துற? மாப்பிள்ளை ஒரு தடவை கூப்பிட்டா ஓடி வந்துடுவா. எனக்குத் தெரியாதா?"

"கூப்பிடுங்களேன்" என்றார் மனைவி. "எனக்காக ஒரே ஒரு தடவை."

பாட்டுக்காரர் மறுபடி கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பெரியப்பா நல்லவர், எல்லாரும் சொல்வார்கள். நல்ல பள்ளிக்கூடம் என்பதும் உண்மை. குழந்தைகள் அடம்பிடிப்பதும் உலகத்தில் உள்ளதுதான். கூப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். வாய்வரை வந்துவிட்ட அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு அவர் கூடத்துக்குப் போனார்.

"அவ வரமாட்டா, மாமா."

"நீங்க இன்னும் கூப்பிடவே இல்லயே, மாப்பிள்ளை."

"கூப்பிடமாட்டேன்."

"என்ன காரணம்னு சொல்லுங்க."

"காரணம் ஒண்ணும் இல்ல, மாமா. பாப்பா வர வேண்டாம். நீங்க கிளம்புங்க."

பெரியவர் நெடுநேரம் அவரைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது, கண் கலங்கியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அந்தக் கண்ணீர் அவமானப்பட்ட ஒரு நல்ல மனிதருடையதா, வேறு ஏதாவதா என்பது பாட்டுக்காரருக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப்போவதில்லை. அத்தையின் முகத்துக்குப் பக்கத்தில் இப்போது பெரியவரின் முகமும் வந்து நிற்கிறது.

மனைவி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிற சத்தம் வெளியில் கேட்டது. பாட்டுக்காரர் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்தார். அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ போனது. மகள் தானாகவே மெல்ல ஊர்ந்து வந்து, தலைமுடியில் ஒட்டடையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா போயிட்டாரா?"

"போயிட்டாரு."

கொஞ்ச நேரம் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா நீ என்னைக் கூப்பிடல?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

அவள் யோசிக்கவே இல்லை.

"நீ கூப்பிட்டா வந்திருப்பேன்ப்பா" என்றாள்.