உடுப்புத் தோய்க்கும் நாளில் வந்த பாட்டு

லுசேர்ணில் நான் இப்போது இருக்கும் கட்டடத்தில் எனக்கு உடுப்புத் தோய்க்கக் கிடைத்திருப்பது இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் செவ்வாய். சுவிஸில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டடத்துக்கு அடியில், நிலத்துக்குக் கீழே, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கும். கதவில் பட்டியல் தொங்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள், அதற்கு வாஷ்டாக் என்று பெயர். அடுத்தவருடைய வாஷ்டாக்கில் ஒரு காலுறையைத் தோய்த்துப் பாருங்கள், வாழ்நாள் பகை வந்து சேரும்.

போன செவ்வாய் கீழே நின்றேன். சவர்க்காரத் தூளும் ஈரச் சீமெந்தும் கலந்த மணம். கைபேசி தன்பாட்டில் ஏதோ பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தது. "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று அதுவே எடுத்துத் தருகிற பாட்டுகள். எனக்கு என்ன பிடிக்கும் என்று இதற்கு யார் சொன்னது என்று ஒவ்வொரு முறையும் எரிச்சல் வரும், ஆனாலும் கேட்பேன். இயந்திரம் உடுப்பைப் பிழிவதற்காக வேகமாகச் சுழலத் தொடங்கியதும் என் கை தானாகப் போய்க் கைபேசியை நிறுத்திவிட்டது. பிறகு நான் வேறொரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. இரண்டாம் மாடி ஜெயந்தி அக்கா கூடையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் எங்கடினுக்குப் போகவேண்டும்.

எங்கடின் பள்ளத்தாக்கைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மலை, ஏரி, சிவப்பு ரயில். நான் அங்கே ஒரு ஹோட்டலில் மூன்று குளிர்காலம், முதலில் சலவைப் பகுதியிலும் பிறகு குசினி என்கிற சமையலறையிலும் வேலை செய்தேன், மலையைப் பார்த்தது குறைவு. குசினி நிலத்துக்குக் கீழே. கூரையோடு ஒட்டின சின்ன யன்னல் வழியாக விருந்தினரின் சப்பாத்துக் கால்கள் போய்வருவது தெரியும். ஆளைப் பார்க்காமல் சப்பாத்தை வைத்தே இன்ன அறைக்காரர் என்று சொல்லுமளவுக்குத் தேறியிருந்தேன். என்ன படிப்பு பாருங்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு விடுவார்கள், ஐந்து மணிக்குத் திரும்ப நிற்கவேண்டும். அந்த இடைவெளிக்குப் பெயர் சிம்மர்ஸ்டுண்ட, அறை நேரம். உண்மையான பெயர்தான். அறைக்குப் போய்வரலாம், வேறெங்கும் போய்வர நேரம் காணாது. கையில் எஃப் அட்டை. தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தற்காலிகம் அப்போது ஐந்தாவது வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. நாட்டைவிட்டு வெளியே போக முடியாது, இருக்கிற கந்தோனை விட்டு வேறு மாநிலத்துக்கு மாற முடியாது. கனடாவில் அக்காவுக்குக் கலியாணம் நடந்தபோது நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் கிடப்பதுபோல இருந்தது என்று சொன்னால் மிகை என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

வேலையாட்களின் விடுதியில் இணையம் ஓரிடத்தில்தான் ஒழுங்காக வரும், மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில். குளிர்ச்சட்டையை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிடுவேன். யாரும் தன் பாட்டை ஏற்றி வைக்கக்கூடிய ஒரு தளம் அப்போது இருந்தது. ஆயிரம் பேர் கேட்ட பாட்டை விட்டுவிட்டு எட்டுப் பேர் கேட்டதைத் தேடுவேன். தமிழில் தனியாகப் பாட்டெழுதித் தானே பாடுகிறவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். படுக்கையறையில் பாடுகிறவர்கள், காருக்குள் பாடுகிறவர்கள், மின்விசிறிச் சத்தத்தோடு பாடுகிறவர்கள். கிழமைக்கு ஒரு பாட்டைத் தெரிந்தெடுத்து, அதைப் பற்றி என் வலைப்பூவில் ஒரு பக்கம் எழுதுவேன். நான் போகமுடியாத இடங்களிலிருந்து பாட்டு வரும், நான் எழுதியது அங்கெல்லாம் போகும். அந்த ஒரு பக்கம்தான் எனக்கு வெளியே போகிற வழி.

எங்கள் குசினியில் சோஸ்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவம் அண்ணை. எனக்கு முன்பே வந்து, நிரந்தரமாக இருக்கவிடும் நல்ல அட்டையும் எடுத்துவிட்ட மனிதர். வெங்காயம் வெட்டும் நேரத்தில் அவருக்கும் போட்டுக் காட்டுவேன். அநேகமாக எல்லாப் பாட்டுக்கும் ஒரே தீர்ப்புத்தான்.

"இதென்னடாப்பா, பல்லுக் குத்துக்காரன் முனகிற மாதிரிக் கிடக்கு."

ஆனால் பாடியவர் ஈழத்தமிழர் என்று தெரிந்தால் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பார். ஆற்ற பிள்ளை, எவடம் என்று கேட்பார். யாருடைய பிள்ளை, எந்த ஊர். நம்மவர்களில் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு அறிமுகம் முடிந்ததுண்டா? தகப்பன் பெயர், ஊர், கோயிலடி, சம்பந்தம் செய்த இடம் எல்லாம் தெரிந்த பிறகுதான் பாட்டு நல்லதா இல்லையா என்ற பேச்சே வரும். அவரைப் பார்த்து நான் சிரிப்பேன். எனக்கும் அதே சொறி இருந்தது என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

"நிலவறை" என்ற பெயரில் ஒரு பெண் பாடிய பாட்டுகள் ஒரு குளிர்காலத்தில் கண்ணில் பட்டன. படமில்லை, ஊரில்லை. வாத்தியமும் இல்லை. பின்னால் ஒரு சீரான தடதடப்பு மட்டும். முதல் குளிர்காலம் முழுக்க ஹோட்டல் சலவைப் பகுதியில் கிடந்தவன் நான், இரண்டாம் முறை கேட்டதும் விளங்கிவிட்டது. சலவை இயந்திரம். அது ஓடுகிற தாளத்துக்குத்தான் அவள் பாடினாள். உடுப்புப் பிழியச் சுழலத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு பாட்டும் முடிந்துவிடும். புதுப் பாட்டு வருவது இரண்டு கிழமைக்கு ஒரு புதன். வீட்டில் யாருக்கும் தெரியாமல், குடும்பத்தின் வாஷ்டாக்கில், உடுப்புத் தோய்க்கிற சாட்டில் கீழே போய்ப் பாடுகிற ஒரு பிள்ளை. பாவம், அவளுக்கும் ஒரு சிம்மர்ஸ்டுண்ட.

அவளுடைய பாட்டுகளில் ஒன்று என்னைப் படிக்கட்டிலேயே அழவைத்தது. பதினொரு வயதுப் பிள்ளை, சாப்பாட்டு மேசை, டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், தகப்பனுக்கு வந்த கடிதம். அந்த வீட்டில் டொச் வாசிக்கத் தெரிந்தது அவளுக்கு மட்டும். ஆசுபத்திரிக் குசினியில் தகப்பனுக்கு இனி வேலை இல்லை என்று எழுதியிருக்கிறது. தகப்பனுக்குக் கடிதத்தின் மணம் தெரிந்துவிட்டது, மகளின் முகத்தையே பார்க்கிறார். அடுப்படியிலிருந்து தாய் என்னவாம் என்று கேட்கிறாள். பிள்ளை கடிதத்தைப் பிழையாக வாசிக்கிறாள். லீவு நாளை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. அதற்குப் பிறகு பல மாதம் தகப்பன் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு புறப்பட்டுப் போய் சீல் ஆற்றங்கரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகும் வழியில் மகள் காண்கிறாள். ஒருவரையொருவர் காணாததுபோல் நடக்கிறார்கள். தாய்க்கு இன்றுவரை தெரியாது. அவ்வளவுதான் பாட்டு.

வலைப்பூவின் பெயரிலேயே நான் அவளுக்கு எழுதினேன், நன்றாக இருக்கிறது என்று. வேறென்ன எழுதத் தெரியும் எனக்கு? இரண்டு நாளில் பதில் வந்தது.

"நன்றி அண்ணா. நீங்கள் ஆர் எண்டு நான் கேக்கமாட்டன். நீங்களும் என்னைக் கேக்காதேங்கோ."

ஓம், கேட்கமாட்டேன் என்று எழுதினேன். மனமார எழுதினேன்.

அந்தப் பாட்டைப் பற்றி வலைப்பூவில் எழுதுவதற்கு ஐந்து சிம்மர்ஸ்டுண்ட எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதில் மிகச் சிறந்த பக்கம் அதுதான், கேடு கெட்ட பக்கமும் அதுதான். சலவை இயந்திரத்தைக் கண்டுபிடித்த கெட்டித்தனத்தை எழுதாமல் விடமுடியுமா? எழுதினேன். இரண்டு கிழமைக்கு ஒரு புதன் என்பதை எழுதினேன். சீல் ஆறும் ஆசுபத்திரிக் குசினியும் பாட்டிலேயே இருக்கின்றன, ஆகவே அட்லிஸ்வில் பக்கமாக இருக்கவேண்டும் என்று துப்பறிந்தேன். சிவம் அண்ணைக்கு வாசித்துக் காட்டியபோது முதல்முறையாகப் பல்லுக் குத்து என்று சொல்லாமல் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்றார். பிறகு, இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்களை ஒரு சொல் வாழ்த்தவேண்டாமா என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கடைசி வரியாக இப்படிச் சேர்த்தேன்: "எங்கள் பிள்ளை. ஆற்ற பிள்ளை எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ, தாய் தகப்பனை வாழ்த்துவம்."

அவளிடம் கேட்பதில்லை என்றுதானே சொன்னேன், ஊரிடம் கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. இப்படி ஒரு நியாயத்தை அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது கூசுகிறது.

என் வலைப்பூவைக் கிழமைக்கு முப்பது பேர் பார்த்தால் பெரிய காரியம். அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கைகளுக்குப் போனது. பாட்டுக்காக இல்லை, கடைசி வரிக்காக. நம்மவர்களிடம் அந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லமுடியுமா? முதலில் ஒருவர் ஊரைச் சொன்னார். இன்னொருவர் தெருவைச் சொன்னார். மூன்றாம் நாள், அதே கட்டடத்தில் வியாழன் வாஷ்டாக் கிடைத்த ஒருவர் வந்து தகப்பனின் பெயரையே போட்டுவிட்டார். கீழே வரிசையாக வாழ்த்துகள். நானும் சிவம் அண்ணையும் குசினியில் கைகுலுக்கிக்கொண்டோம்.

அடுத்த புதன் பாட்டு வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை, பரீட்சையாக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தபோது அவளுடைய பாட்டுகள் ஒன்றையும் காணவில்லை. செய்தி ஒன்று மட்டும் வந்திருந்தது.

"அண்ணா, பாட்டெல்லாம் எடுத்திட்டன். ஒரு பிள்ளையின்ர சாமத்தியவீட்டுச் சடங்கில நாலு பேருக்கு முன்னால அம்மாட்டக் கேட்டிருக்கினம், அப்ப உமக்கு உண்மையாவே தெரியாதோ எண்டு. அம்மா எங்களோட கதைக்கிறதில்லை. அப்பா அறையை விட்டு வாறதில்லை. இப்ப அம்மாதான் உடுப்புத் தோய்க்கிறா. நான் உங்களை ஆர் எண்டு கேக்கேல்லைத்தானே?"

அன்றே வலைப்பூவை அழித்தேன். அழித்து என்ன, அதற்குள் ஊர் முழுக்க அதைப் படியெடுத்து வைத்திருந்தது. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுதினேன், அழித்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பெயராவது போடவேண்டும், அதுவரை நான் அவளுக்குப் பெயரில்லாதவன். ஐந்து மணியாகிவிட்டது. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு கீழே குசினிக்குப் போனேன். அடுத்த நாளும் அப்படியே போனேன். அந்தப் பதில் இன்றுவரை போகவில்லை.

இப்போது என்னிடம் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. எங்கேயும் போகலாம். போய் என்ன கண்டேன் என்று கேட்காதீர்கள். ஒரு புதன்கிழமை அட்லிஸ்வில்லில் இறங்கி, ஒவ்வொரு கட்டடமாகக் கீழ்யன்னல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். நாலாவது கட்டடத்தில்தான் உறைத்தது, நான் திரும்பவும் அதே கேள்வியோடுதான் அலைகிறேன் என்று. ஆற்றங்கரைப் பக்கம் திரும்பிப் பாராமல் அடுத்த ரயிலில் ஏறிவிட்டேன்.

அந்தப் படிக்கட்டு இன்று இல்லை. விடுதியை இடித்து விடுமுறை வீடுகள் கட்டிவிட்டார்களாம். பாட்டுத் தளமும் மூடிக் கன காலம். சிவம் அண்ணை ஓய்வு பெற்று மகளோடு போய்விட்டார், அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் பிறகு எடுத்ததே இல்லை. அவளுடைய பாட்டில் ஒன்றைக்கூட நான் பதிந்து வைக்கவில்லை. இணையத்தில் இருப்பது எங்கே போய்விடப்போகிறது என்ற எண்ணம். கடிதத்தைப் பற்றிய அந்தப் பாட்டு மட்டும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை எனக்கு மனப்பாடம். உலகத்தில் அது இனி என் வாயில் மட்டும்தான் இருக்கிறது போலும், அதை யாருக்கும் கேட்டுப்பாருங்கள் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

போன செவ்வாய் நான் முணுமுணுத்தது அதைத்தான். ஜெயந்தி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, உருக்கமாகக் கிடக்கிறதே, முன்பு கேட்டதில்லையே என்றார். பிறகு கேட்டார்.

"ஆற்ற பாட்டுத் தம்பி?"

இயந்திரம் அப்போதுதான் நின்றிருந்தது.

"தெரியாதக்கா" என்றேன். உடுப்பை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.