நடா அங்கிளின் நடைப்பயிற்சி

போன வாரம் நான் ஒரு பாருக்குப் போனேன்.

பதற வேண்டாம். வாரா வாரம் இந்த இடத்தில் சாலை நெரிசலையும் சமையலறையையும் பற்றிப் புலம்பும் அதே ஆள்தான். குடிக்கப் போகவில்லை. ஒருவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன்... அதுவும் துணைக்கு!

என் தோழி சுமதி சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். அக்கவுண்டன்ட். கணவருக்கு வாரத்தில் பாதி நாள் ஜொகூரில் வேலை. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கூடவே அப்பா நடராஜன். எங்களுக்கெல்லாம் நடா அங்கிள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்ததும் கிள்ளான் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு வந்துவிட்டார். 'வந்துவிட்டார்' என்று நாம்தான் சொல்கிறோம். கூட்டி வந்துவிட்டார்கள் என்பதுதான் சரி.

போன வருடம் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார். அங்கிளும் தலையாட்டினார். அதற்குப் பிறகு தினமும் மாலையில் பூங்காவுக்கு நடக்கக் கிளம்பிவிடுவார். சுமதிக்கு ஏக சந்தோஷம். நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

அந்த ஷூதான் காட்டிக்கொடுத்தது.

"மாசக்கணக்கா நடக்கிறாரு... ஷூ அடியில ஒரு புல்லு ஒட்டல. அப்படியே புதுசா இருக்கு," என்றாள் சுமதி.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி வேறு, காலேஜ் தெருவின் பின்சந்தில் ஒரு மாடிப்படியிலிருந்து அங்கிள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறார். அந்த மாடியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தால் — பார்!

சுமதி அன்றே பினாங்கில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டாள். "அப்பாவ நீ கூட்டிட்டுப் போயிடு. இன்னொரு தடவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க என்னால முடியாது." ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து அழைத்துப் போவதாக முடிவாகிவிட்டது. அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

சொல்வதற்கு முன்னால் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். "நீயும் வா லா. தனியா போனா அழுதுடுவேன்... இல்லன்னா கத்திடுவேன்."

போனோம்.

காலேஜ் தெருவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பபிள் டீ கடை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பபிள் டீ கடை, போட்டோஸ்டேட் கடை, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நடக்கும் மாணவர்கள். தலையில் நாலு நரை இருந்தாலே, "யாரோட அம்மா இவங்க?" என்று பார்க்கும் தெரு. இங்கே எந்த மாடியில் பார்?

போட்டோஸ்டேட் கடைக்காரரிடம் கேட்டோம். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பின்னால போங்க அக்கா. போர்டெல்லாம் கிடையாது. ஏர்கான் தண்ணி சொட்டுற எடம் தெரியும், அதான் படி."

மாலை ஆறு மணி இருக்கும். படியேறிக் கதவைத் தள்ளினால், நான் நினைத்த இருட்டும் சிவப்பு விளக்கும் இல்லை. வெளிச்சமான ஹால். ஏழெட்டு மேசை. கவுண்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் ரோஸ்லின், எல்லாருக்கும் ரோஸி அக்கா. ஜன்னலோர மேசையில் மூன்று பேர். நடுவில் நடா அங்கிள். முன்னால் உயரமான கிளாஸ். எதையோ சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சுமதி கதவிலேயே நின்றுவிட்டாள். அம்மா போன பிறகு அப்பா அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லையாம். இதைப் பிறகுதான் சொன்னாள். அந்த நிமிடத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் கிளாஸ்தான்.

விறுவிறுவென்று போனாள். அப்பா "சுமதி..." என்று எழுந்திருப்பதற்குள் கிளாஸை எடுத்து முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தும் பார்த்தாள்.

எலுமிச்சைச் சாறு. அடியில் உப்பும் புளிப்புமாக ஓர் அசாம்போய், அதாவது உலர்ந்த பிளம் பழம்.

அப்போதும் விடவில்லை. பக்கத்தில் இருந்த சீனப் பெரியவரின் கிளாஸையும் எடுத்து முகர்ந்தாள்!

"என்னோடதும் அதேதான்மா," என்றார் அவர் சாவகாசமாக. "நடா இருக்கிற வரைக்கும் இந்த மேசையில பீர் கெடையாது. ரூல்."

அவர் பெயர் ஆ செங். ஏர்கான் ரிப்பேர் செய்கிறவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். என் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார். மூன்றாமவர், காலேஜில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பாலா சார். அவர் எழுந்து தன் நாற்காலியைச் சுமதியின் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

ரோஸி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மகளா? உக்காரும்மா. இவரு இங்க பழைய கஸ்டமர். ஆஸ்பத்திரியில இருந்து வந்த கையோட இங்க வந்து பீர் கேட்டாரு. நான் குடுக்கல. 'ஊர்ல வேற பாரே இல்லையா'ன்னு கத்திட்டுப் போனாரு. மறுநா வந்து சத்தமில்லாம உக்காந்தாரு. லைம் போட்டுக் குடுத்தேன்."

"ஒரு நாள் பிளாஸ்டிக் பையில டின் பீர் மறைச்சு கொண்டாந்தான்," என்றார் ஆ செங். "நான் புடுங்கி சிங்க்ல ஊத்திட்டேன். எங்கம்மாவ, எங்க பாட்டிய, எல்லாரையும் திட்டினான். மூணு பாஷையில!"

"புடுங்கினது தப்புதான்," என்று முணுமுணுத்தார் அங்கிள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுமதிக்கு வரவில்லை.

"அப்ப பூங்கான்னு ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"பாருக்குப் போறேன், ஆனா குடிக்க மாட்டேன்னு சொன்னா நம்புவியா?"

சுமதி நேர்மையானவள்.

"மாட்டேன்."

"அதான்."

"குடிக்காதவருக்கு இங்க என்னப்பா வேல? இந்த எடம்தானே உங்கள ஆஸ்பத்திரியில படுக்க வச்சுது?"

ரோஸி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கிள் கையைக் காட்டித் தடுத்தார். சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்பல்லாம் இங்க ரெண்டு கிளாஸ்தான் சுமதி. மூணாவது கேட்டா ரோஸி அப்பவே தர மாட்டா. மிச்சத்த எங்க குடிச்சேன் தெரியுமா? உன் வீட்ல. மாடி ரூம்ல. கதவ சாத்திக்கிட்டு. பாட்டில அலமாரியில வச்சிருந்தேன்... அம்மா சேலைக்குப் பின்னால."

சுமதி இப்போது உட்கார்ந்தாள்.

"உன்மேல குத்தம் சொல்லலம்மா. காலையில போற, ராத்திரி வர்ற. பிள்ளைங்களுக்கு டியூஷன். 'சாப்டிங்களா, மருந்து போட்டிங்களா'ன்னு கேப்ப. போட்டேன்னு சொல்லுவேன். அதோட அன்னைக்குப் பேச்சு முடிஞ்சிரும். இங்க வந்தா, நேத்து நான் சொன்னத இந்த ஆ செங் ஞாபகம் வச்சுக்கிட்டு சண்டைக்கு வருவான்."

தயவுசெய்து சுமதியை யாரும் வில்லி ஆக்கிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த நாளெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கி, அங்கிருந்தே ஆபீஸ் போனவள் அவள். அப்பாவுக்குத் தனி அறை, தனி டிவி, உப்புக் குறைத்த குழம்பு... எல்லாம் செய்தாள். ஒரு பெண் ஒரே நாளில் எத்தனை பேராகத்தான் இருக்க முடியும்?

மேசையையே பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாருப்பா. உங்கள பினாங்குக்குக் கூட்டிட்டுப் போக."

ஆ செங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோஸி அக்கா அப்படியே நின்றார்.

"முடிவு பண்ணிட்டிங்களா?"

"பண்ணிட்டோம்."

"ம்," என்றார் அங்கிள்.

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. கிளாஸை எடுத்து மிச்சத்தைக் குடித்தார்.

சுமதி சட்டென்று எழுந்து வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணனுக்கு ஃபோனைப் போட்டு, அப்பா இங்கேயே இருக்கட்டும் என்றாள். அண்ணனின் குரல் எனக்கே கேட்டது. "பாருக்கு நீயே அனுப்பப் போறியா? பைத்தியமா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை வாண்ணே. வந்து உன் கண்ணால பாரு. கூட்டிட்டுப் போறத அப்புறம் பேசலாம். அவரையும் உக்கார வச்சுப் பேசலாம்."

ஃபோனை வைத்துவிட்டுத்தான் அழுதாள். அந்தச் சந்தில், தலையில் ஏர்கான் தண்ணீர் சொட்டச் சொட்ட. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போய் அப்பா எதிரில் நின்றாள்.

"நீங்க இங்கயே இருங்கப்பா. ஆனா இனிமே வாசல்ல நின்னு, 'பாருக்குப் போறேன்'னு சொல்லிட்டுத்தான் போகணும்."

அங்கிள் ரொம்ப நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுமதி ரோஸி அக்காவின் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டாள். "வேற எதாச்சும் கேட்டா ஒடனே எனக்கு ஃபோன் அடிங்க அக்கா."

"கேட்டா மொதல்ல அவர அடிக்கிறேன், அப்புறம் உனக்கு அடிக்கிறேன்," என்றார் ரோஸி அக்கா.

வீட்டுக்குப் போனதும் அங்கிள் தானாகவே மகளைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினாராம். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார்களாம். பின்னால் ஒன்றும் இல்லை. பிறகு இருவரும் அதையெல்லாம் மடித்து அடுக்க வெகு நேரம் ஆனதாம்.

பார் நல்லது என்று சொல்ல வரவில்லை. குடி எத்தனை குடும்பங்களைக் கரைத்தது என்று இங்கே யாருக்கும் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நடா அங்கிளும் தப்பித்துவிட்டார் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணனும் படியேறிப் பார்த்தார், ஆ செங்கோடு கை குலுக்கினார், அரை மனதோடுதான் பினாங்குக்குத் திரும்பினார். ஆனால் தனியாகத் திரும்பினார்.

நேற்றுச் சுமதி கூப்பிட்டாள்.

"இன்னைக்கு அப்பாவுக்கும் ஆ செங் அங்கிளுக்கும் பெரிய சண்ட. பகாங் டுரியான் பழம் நல்லதா, பினாங்கு டுரியான் நல்லதான்னு! அப்பா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில உக்காந்து அவர அப்படித் திட்டினாரு. சின்னவன் டேப்லெட்ட வச்சிட்டு, 'அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க தாத்தா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்..."

வயதானவர்கள் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வீடு திரும்புவதைக் கேட்டால், இப்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.