சோஃப்ரோன் கொடுத்த சீம்பால்

எங்கள் பக்கத்து வீட்டு சோஃப்ரோன் கல்யாண மோதிரத்தையே கடித்துப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டவர். டாக்டர் கொடுக்கும் மாத்திரையை முதலில் கோழிக்குப் போடுவார். கோழி மறுநாளும் நடமாடினால்தான் இவர் விழுங்குவார். மனைவி அக்ஸீனியா எப்படித்தான் காலம் தள்ளினாளோ!

அவர்களுக்கு இருந்தது டூமனா என்ற ஒரே பசு. முந்தின இரண்டு ஈற்றுக் கன்றுகளும் பிறந்த வாரத்திலேயே கழிந்து கழிந்து செத்தன. இந்த முறையும் போனால் பசுவை விற்றே தீருவேன் என்றாள் அக்ஸீனியா. அதனால்தான் சோஃப்ரோன் சினைப்பசுவுக்கு ஊசி போட மாட்டு டாக்டர் லவீனியாவைக் கொட்டகைக்குள் விட்டார்.

"கழியுறது கன்னுக்குட்டி, ஊசி தாய்க்கா? யாரை ஏமாத்துறீங்க?"

"தாய்க்குப் போட்டாதான் நோயைத் தடுக்குற சக்தி சீம்பால்ல இறங்கும், அண்ணே. கன்னு பொறந்ததும் வயிறு முட்டக் குடுங்க."

இதுதான் வினையாயிற்று. அந்தப் பாலே விஷம் என்று சோஃப்ரோன் முடிவுகட்டிவிட்டார்.

ஒரு காலையில் டூமனா கிடேரிக் கன்று ஈன்றது. கொஞ்ச நேரத்தில் சோஃப்ரோன் பானை நிறையச் சீம்பாலோடு என் வேலிக்கு வந்தார். கன்றுக்குக் கண்படாமலிருக்கப் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் இவர் ஒரு கல் உப்புகூடக் கொடுக்காத மனுஷன்!

"இப்பவே காய்ச்சிச் சாப்பிடு, ஃப்ரசீனா," என்றவர் நகரவே இல்லை. என் முகத்தையே பார்த்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பானையை நிலவறையில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

"அருமை, அண்ணே!"

மதியம் டாக்டர் வந்தார். அவர் கத்தியது என் அடுப்படிவரை கேட்டது.

"மடியை ஒட்டக் கறந்து தானம் பண்ணிட்டீங்களா? இன்னும் கொஞ்ச நேரம் போனா, குடுத்தும் பிரயோஜனமில்ல. இந்தக் கன்னும் போயிடும்!"

சோஃப்ரோன் வெளிறிப்போய் ஓடிவந்தார். "பூராவும் குடிச்சிட்டியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு நான்தான் அவருடைய கோழி. கதவை அவர் முகத்தில் அறைந்து சாத்தியிருப்பேன். ஆனால் கொட்டகையில் கன்று பசியில் கத்தியது. அது என்ன பாவம் செய்தது? பானையைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"ஒரு சொட்டுகூடத் தொடல. உம்மை நம்பி எவ குடிப்பா?"

பானையை வாங்க நீண்ட அவர் கை பாதியில் நின்றது.

"ஏன் தொடல? இதுல என்ன கலந்த?"

கன்று மறுபடி கத்தியது. நான் பானையைத் தூக்கி, அவர் கண்ணெதிரே மடமடவென்று நாலு மடக்குக் குடித்துக் காட்டினேன். அப்புறம்தான் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கன்று கழியவே இல்லை, பிழைத்துவிட்டது. ஆனாலும் நான் குடித்துக் காட்டிய மறுநாள் விடிந்ததும் சோஃப்ரோன் வேலியருகே நின்று, "நல்லாதான் இருக்கியா, ஃப்ரசீனா?" என்று கேட்டுவிட்டுத்தான் அதைத் தாயிடம் ஊட்ட அவிழ்த்துவிட்டார்.